இருட்டைக் காட்ட ஆயிரம் விளக்குகள்: மினி எல்இடி என்றால் என்ன?

எங்கள் வீட்டு டிவியில் ஒரு நாள் திடீரென்று படம் போய்விட்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா சீரியலை ரேடியோ நாடகம் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்க வந்த மெக்கானிக் தம்பி டிவியைக் கழற்றவே இல்லை. முதலில் ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னார். பிறகு செல்போன் டார்ச்சை எரியவிட்டு, திரையை ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்தார்.

"இங்க பாருங்கண்ணே."

டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில், கிணற்றுத் தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல, மங்கலாக ஒரு முகம் பேசிக்கொண்டிருந்தது.

"படம் ஓடிட்டுத்தாண்ணே இருக்கு. பின்னாடி லைட்டுதான் போயிருச்சு."

எல்சிடி திரையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இந்த டார்ச் வெளிச்சத்திலேயே இருக்கிறது. படத்தை வரைவது ஒரு பாகம், அதற்கு வெளிச்சம் கொடுப்பது வேறொரு பாகம். வரைகிற பாகத்துக்குச் சொந்தமாக ஒரு துளி வெளிச்சமும் கிடையாது. மீதிப் பாதி, பின்னால் இருக்கும் அந்த வெளிச்சத்தை எப்படிக் கட்டுப்படுத்துகிறோம் என்பது. அதைத்தான் இப்போது கடைகளில் "மினி எல்இடி" என்ற பெயரில் விற்கிறார்கள். பெயரைக் கேட்டவர்கள் பலர். அது எதற்காக வந்தது என்று யாராவது உட்காரவைத்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தோல்பாவைக் கூத்தும் டிவியும்

தோல்பாவைக் கூத்து பார்த்தவர்களுக்கு எல்சிடி உடனே புரிந்துவிடும். வெள்ளைத் துணித் திரை, பின்னால் ஒரு விளக்கு, இரண்டுக்கும் நடுவே சாயம் தோய்த்த தோல்பாவை. விளக்கின் வெளிச்சம் பாவையை ஊடுருவி வரும்போது அதன் நிறங்களை வாங்கிக்கொண்டு துணியில் விழுகிறது. பாவைக்கு வெளிச்சம் இல்லை, விளக்குக்குக் கதை தெரியாது. இரண்டும் சேர்ந்தால்தான் கூத்து.

எல்சிடியில் விளக்கு என்பது பேக்லைட். பாவையின் இடத்தில் இருப்பது திரவப் படிகப் பலகை, அதாவது பேனல். பாவை ஒரே தோல். பேனலோ லட்சக்கணக்கான குட்டிக் கதவுகள். ஒரு 4கே டிவியில் 3840-ஐ 2160-ஆல் பெருக்கினால் வரும் 82,94,400 பிக்சல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கண்ணாடிச் சன்னல்கள். ஒவ்வொரு சன்னலுக்கும் தனித்தனியாகத் திறந்து மூடும் ஒரு கதவு.

இந்தக் கதவு எப்படி மூடுகிறது? பேனலின் இரு பக்கமும் போலராய்டு தாள் ஒட்டியிருக்கும். போலராய்டு கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு செல்போனையோ லேப்டாப்பையோ பார்த்தபடி தலையைச் சாய்த்தால் சில திரைகள் ஒரு கோணத்தில் இருண்டுவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தாள் ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். அடுத்த தாளைக் குறுக்காக வைத்தால் அந்த ஒளியும் நின்றுவிடும். இரண்டு தாள்களுக்கும் நடுவே இருக்கும் திரவப் படிகம், கொடுக்கிற மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளியின் அதிர்வுத் திசையைத் திருப்பிவிடும், அல்லது திருப்பாமல் விடும். திருப்பினால் கதவு திறப்பு, திருப்பாவிட்டால் அடைப்பு, நடுவே எத்தனை நிலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 1888-ல் ஃப்ரீட்ரிக் ரைனிட்ஸர் என்ற தாவரவியல் அறிஞர் பிராக் நகரில் கண்டறிந்த விசித்திரப் பொருள் இது. திரவம்போல ஓடும், ஆனால் படிகம்போல வரிசை கட்டி நிற்கும்.

இதில் விரயம் அதிகம். பேக்லைட் தரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் முதல் போலராய்டு தாளிலேயே போய்விடும். மிஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கை நிறச் சன்னல்கள் விழுங்கும். கடைசியில் நம் கண்ணுக்கு வந்து சேர்வது புறப்பட்டதில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. முழு வெள்ளைத் திரையைக் காட்டும்போதே இந்தக் கதி.

ஆனால் விரயத்தை விடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. மூடிய கதவிலும் வெளிச்சம் கசியும்.

கசியும் கதவு

இரவுக் காட்சி ஓடும்போது வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டுப் பாருங்கள். கரிய வானம் கரியதாக இருக்காது, சாம்பல் பூத்திருக்கும். படத்தின் மேலும் கீழும் வரும் கருப்புப் பட்டைகளும் சட்டத்தின் உண்மையான கருப்போடு ஒட்டாமல் தனியே தெரியும். அது உங்கள் டிவியின் கோளாறு அல்ல, எல்சிடியின் பிறவிக் குணம்.

கசிவுக்கு ஒரு கணக்கு உண்டு. நன்றாகத் திறந்த கதவில் வரும் வெளிச்சத்தை, முழுக்க மூடிய கதவில் கசியும் வெளிச்சத்தால் வகுத்தால் கான்ட்ராஸ்ட் விகிதம் கிடைக்கும். ஐபிஎஸ் வகைப் பேனல்களில் இது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் இருக்கும். விஏ வகையில் மூவாயிரம், ஐயாயிரம் வரை போகும். திரையின் பிரகாசத்தை நிட்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெள்ளை 500 நிட்ஸ் இருந்தால், ஐபிஎஸ் பேனலில் கருப்பு அரை நிட். எண்ணிக்கையில் அரை என்பது அற்பம். இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் கண்ணுக்கு அது அற்பமே அல்ல.

வெளிச்சத்தைக் கூட்டினால் என்ன? கசிவும் கூடவே கூடும். விகிதம் மாறாது. இங்கேதான் எல்சிடி பல வருடங்கள் முட்டிக்கொண்டு நின்றது. கதவை இன்னும் இறுக்கமாக மூடப் பார்த்தார்கள். ஓரளவுக்கு மேல் முடியவில்லை. அப்புறம்தான் கவனம் விளக்கின் பக்கம் திரும்பியது. கதவு கசிகிறதென்றால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிற விளக்கை அணைத்துவிட்டால் போதாதா?

இந்த ஒரு கேள்விக்குள்தான் மினி எல்இடியின் மொத்தக் கதையும் இருக்கிறது.

பதினெட்டு விளக்குகள் ஒரே சுவிட்சில்

மறுநாள் மெக்கானிக் தம்பி எங்கள் 32 அங்குல டிவியைப் பிரித்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மேலே பேனல் கண்ணாடி. அதைப் பூப்போலத் தூக்கி வைத்தார். அடியில் பால் நிறத் தாள்கள் இரண்டு மூன்று. அவற்றையும் எடுத்த பிறகு, வெள்ளை வெளேரென்று ஒரு தரை, அதில் மூன்று நீளப் பட்டைகள், ஒவ்வொரு பட்டையிலும் ஆறு எல்இடிகள். ஒவ்வொன்றின் மேலும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கவிழ்ந்த லென்ஸ். மொத்தம் பதினெட்டு. எல்லாமே ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடராக இணைத்திருந்தது. ஒன்று அறுந்ததும் மற்ற பதினேழும் அணைந்துவிட்டன. அந்த லென்ஸ்களின் வேலை, எல்இடியின் வெளிச்சம் நேராக மேலே போகாமல் பக்கவாட்டில் பரவச் செய்வது. பால் தாள்களின் வேலை, மிஞ்சிய புள்ளிகளையும் கரைத்து ஒரே சீரான ஒளிப்பரப்பாக மாற்றுவது.

கடையில் "எல்இடி டிவி" என்று சொல்லித்தான் இதை வாங்கினோம். நான்கூட ரொம்ப நாள் எல்இடி டிவி வேறு, எல்சிடி டிவி வேறு என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதான். முன்பு பேனலுக்குப் பின்னால் பென்சிலை விட மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன, உள்ளே கொஞ்சம் பாதரசத்தோடு. அவற்றின் இடத்தில் எல்இடி வந்ததும் பெட்டியின் பெயரையே மாற்றிவிட்டார்கள். எல்இடி பேக்லைட்டோடு வந்த முதல் எல்சிடி டிவி, சோனி 2004-ல் கொண்டுவந்த குவாலியா 005. அதில் சிவப்பு, பச்சை, நீல எல்இடிகளைத் தனித்தனியே வைத்திருந்தார்கள். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

பிறகு டிவியை ஒல்லியாக்கும் மோகம் வந்தது. எல்இடிகளைப் பின்னாலிருந்து எடுத்து ஓரத்துக்குத் தள்ளி, ஒரு தெளிவான பலகை வழியாக வெளிச்சத்தைத் திரை முழுக்கப் பரப்பினார்கள். சுவரில் மாட்ட அழகாக இருந்தது. படத்தின் தரத்தில் அது ஒரு பின்னடைவு என்றே நான் நினைக்கிறேன். ஓரத்தில் இருக்கும் விளக்கை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் ஒரு துண்டை மட்டும் இருட்டாக்க முடியாதே.

பின்னால் வைத்தாலும், ஓரத்தில் வைத்தாலும், எல்லா விளக்கும் ஒரே சுவிட்சில் எரிந்தால் பயன் ஒன்றுதான். கரிய வானத்தில் ஒற்றை நட்சத்திரம் காட்டும்போதும் பதினெட்டு விளக்கும் முழுப் பிரகாசத்தில் எரிந்துகொண்டிருக்கும். லட்சக்கணக்கான கதவுகள் அதை அடைக்கப் பார்த்துக் கசிந்துகொண்டிருக்கும்.

கண்ணே கைகொடுத்த கதை

விளக்குகளைக் கூட்டங்களாகப் பிரித்து, படத்தில் இருட்டான இடத்துக்குப் பின்னால் இருக்கும் கூட்டத்தை மட்டும் மங்கவைப்பதற்குப் பெயர் லோக்கல் டிம்மிங். ஒரு கூட்டம் ஒரு ஸோன். இதில் அழகான ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. பேனலின் கான்ட்ராஸ்ட் ஆயிரம், விளக்கையும் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை மங்கவைக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கூடுவதில்லை, பெருகுகின்றன. ஆயிரம் பெருக்கல் ஆயிரம், பத்து லட்சம். இரண்டு சாதாரணக் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தாற்போல.

ஆனால் உடனே ஒரு சந்தேகம் வரும். பிக்சல் 83 லட்சம், ஸோன் சில நூறுதான் என்றால், கரிய வானத்து நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சதுரமே எரியுமே? நட்சத்திரத்தைச் சுற்றிச் சாம்பல் வட்டம் தெரியாதா?

தெரியும். அதைத்தான் ஹாலோ என்றும் ப்ளூமிங் என்றும் சொல்கிறார்கள். ஆனால் எவ்வளவு தெரியும் என்பதில்தான் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. இரவில் எதிரே வரும் பைக்கின் ஹெட்லைட்டைப் பாருங்கள். ஓட்டுபவரின் முகம் தெரியாது, பைக்கின் உருவமும் தெரியாது. வெளிச்சம் நம் கண்ணுக்குள்ளேயே சிதறி, பிரகாசமான பொருளைச் சுற்றியுள்ள இருட்டை மூடிவிடுகிறது. நம் கண்ணே ஒரு ஹாலோவை உண்டாக்குகிறது. ஆக, திரையின் ஹாலோ, கண்ணின் ஹாலோவுக்குள் அடங்குமளவு சிறிதாக இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிக்சலுக்கு ஒரு விளக்கு தேவையே இல்லை. போதுமான அளவு சிறிய ஸோன்கள் இருந்தால் போதும்.

கனடாவின் வான்கூவர் நகரத்து ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டார்கள். முதல் மாதிரிகளில் ஒன்றில், எல்சிடி பேனலுக்குப் பின்னால் ஒரு புரொஜெக்டரையே விளக்காக வைத்து, 2004-ல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் கட்டுரையாக வெளியிட்டார்கள். அவர்களின் பிரைட்சைட் நிறுவனம் கொண்டுவந்த 37 அங்குலத் திரையில் 1,380 எல்இடிகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டுப்பாட்டில். 2007-ல் டால்பி அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்று டிவிப் பெட்டியில் பார்க்கும் ஹெச்டிஆர் (மிகுந்த பிரகாசத்தையும் ஆழ்ந்த இருட்டையும் ஒரே படத்தில் காட்டுவது) என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த வேலையின் பங்கு பெரிது. பொறியியலில் எனக்கு ரொம்பப் பிடித்த யோசனைகளில் இதுவும் ஒன்று: இயந்திரத்தின் குறையை மறைக்க, பார்க்கிற மனிதரின் கண் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கற்றுக்கொண்டது.

தூள் உப்பை விடச் சிறியது

இப்போது மினி எல்இடிக்கு வந்துவிட்டோம். ஸோன் சிறிதாக வேண்டுமென்றால் விளக்கும் சிறிதாக வேண்டும். மினி எல்இடி என்று பொதுவாகச் சொல்வது 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள சில்லுகளை. தூள் உப்பின் ஒரு துகளை விடச் சிறியது. எங்கள் டிவியின் பொத்தான் லென்ஸுக்கு அடியில் இவற்றை நூற்றுக்கணக்கில் கொட்டலாம்.

டிவியில் முதலில் இதைக் கொண்டுவந்தது டிசிஎல். 2019-ல் வந்த அதன் 8-சீரிஸில் 25,000-க்கும் மேற்பட்ட மினி எல்இடிகள். ஆனால் கிட்டப் போய்ப் பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம், ஆப்பிள் 2021-ல் வெளியிட்ட 12.9 அங்குல ஐபேட் ப்ரோ. அதற்கு முந்தைய மாடலில் பேக்லைட்டுக்கு இருந்த எல்இடிகள் 72. புதியதில் 10,000-க்கும் மேல். ஸோன்கள் 2,596. அந்தத் திரையில் 2732-க்கு 2048 என்று கிட்டத்தட்ட 56 லட்சம் பிக்சல்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு ஸோனுக்குச் சுமார் 2,150 பிக்சல்கள். அளவில் சொன்னால் ஒரு ஸோன் ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர் சதுரம். ஒரு மிளகின் அளவு. திரை முழுக்க மிளகைப் பரப்பி, ஒவ்வொரு மிளகையும் தனித்தனியாக ஏற்றி அணைக்க முடிகிறது என்று நினைத்துப்பாருங்கள்.

இப்போது ஒரு 55 அங்குல டிவியை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ஸோன் இருந்தால் ஒவ்வொன்றும் 9 சென்டிமீட்டர் சதுரம், உள்ளங்கை அளவு. 1,000 இருந்தால் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, பத்து ரூபாய் நாணயத்தை விடக் கொஞ்சம் பெரிது. உள்ளங்கை அளவு ஹாலோவைக் கண் மன்னிக்காது. நாணய அளவு ஹாலோவை, பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தால், பெரும்பாலும் மன்னித்துவிடும். ஐபேடை நாம் ஒரு முழம் தள்ளிப் பிடித்துப் பார்ப்பதால் அதற்கு மிளகு அளவு வேண்டியிருந்தது. அப்படியும் சிலருக்குக் கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தைச் சுற்றிப் பனிபோலத் தெரியத்தான் செய்தது. 2024-ல் ஆப்பிள் ஐபேட் ப்ரோவை, பின்னால் விளக்கே இல்லாமல் ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் ஓஎல்இடிக்கு மாற்றிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் எண் பல சமயம் எல்இடிகளின் எண்ணிக்கை. படத்தைத் தீர்மானிப்பது ஸோன்களின் எண்ணிக்கை. எல்ஜி 2021-ல் அறிவித்த 86 அங்குல 8கே க்யூஎன்இடி டிவியில் எல்இடிகள் ஏறக்குறைய 30,000, ஸோன்கள் 2,500 அளவில். பன்னிரண்டு எல்இடிக்கு ஒரு சுவிட்ச். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஒரு டிவியில் 20,000 எல்இடியும் 200 ஸோனும் இருந்தால், பெட்டியில் "மினி எல்இடி" என்றுதான் போட்டிருக்கும், இரவுக் காட்சியில் மட்டும் பழைய டிவி எட்டிப் பார்க்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "ஸோன் எத்தனை?"

விளக்கு சிறிதானதில் இன்னொரு லாபமும் உண்டு. எல்இடிகள் தள்ளித் தள்ளி இருந்தால், அவற்றின் வெளிச்சம் ஒன்றோடொன்று கலந்து சீராக, பால் தாளை எல்இடியிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். இடைவெளி அதிகமென்றால் உயரமும் அதிகம். எங்கள் பழைய டிவியின் முதுகு புடைத்திருந்ததற்குக் காரணம் இதுதான். எல்இடிகளை நெருக்கி நட்டால் தாளைத் தாழ இறக்கலாம். அதோடு, சில்லின் தலைமேல் ஒரு கண்ணாடிப் படலத்தைப் படியவைத்து, நேராக மேலே போகும் ஒளியைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் உத்தியும் இருக்கிறது. பொத்தான் லென்ஸ் செய்த வேலையைச் சில்லே செய்துகொள்கிறது. ஓரத்து விளக்குக் காலத்தில் ஒல்லிக்காகத் தரத்தை விட்டுக்கொடுத்தோம். இப்போது இரண்டும் ஒரே திரையில் கிடைக்கிறது.

விநாடிக்கு அறுபது முறை ஒரு முடிவு

விளக்கை நட்டுவிட்டால் வேலை முடிந்துவிடவில்லை. ஒரே ஸோன் எண்ணிக்கை உள்ள இரண்டு டிவிகளை அருகருகே வைத்தால் ஒன்று அருமையாகவும் ஒன்று சுமாராகவும் இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கும் சிப்பின் கணக்கில் இருக்கிறது.

ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அந்த சிப் இரண்டு படங்களைத் தயாரிக்கிறது. ஒன்று விளக்குகளுக்கான முரட்டுப் படம், சில நூறு அல்லது சில ஆயிரம் கட்டங்கள் கொண்டது. இன்னொன்று கதவுகளுக்கான நுணுக்கமான படம். ஒரு ஸோனின் விளக்கைப் பத்தில் ஒரு பங்காக மங்கவைத்தால், அதற்கு முன்னால் இருக்கும் கதவுகளைப் பத்து மடங்கு அதிகமாகத் திறந்துவிட வேண்டும். அப்போதுதான் முகத்தின் நிறம் மாறாமல் இருக்கும். அதிலும் ஒரு சிக்கல்: ஒரு ஸோனின் வெளிச்சம் அந்த ஸோனோடு நிற்காது, பக்கத்து ஸோன்களிலும் பரவும். சுவர் எழுப்பித் தடுத்தால் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே பரவலை ஏற்றுக்கொண்டு, அண்டை ஸோன்களிலிருந்து எவ்வளவு வந்து சேரும் என்று கூட்டிக்கழித்து, பிறகு ஒவ்வொரு கதவின் அளவையும் நிர்ணயிக்க வேண்டும். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் படத்தில் இதற்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிவிநாடி.

நட்சத்திரங்கள் நிறைந்த வானம்தான் இந்தக் கணக்குக்கு வரும் கடும் சோதனை. ஸோனை மங்கவைத்தால் வானம் கருக்கும், ஆனால் நட்சத்திரமும் சேர்ந்து அணைந்துவிடும். ஏற்றினால் நட்சத்திரம் மின்னும், வானம் வெளுக்கும். எதை விட்டுக்கொடுப்பது என்று யாரோ ஒரு பொறியாளர் முன்பே முடிவெடுத்து எழுதிவைத்திருக்கிறார். ஹாலோ வரவே கூடாது என்று கண்டிப்பாக இருக்கும் டிவிகளில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் நட்சத்திரத்தைக் காப்பாற்றும் டிவியே மேல். கொஞ்சம் பனிபோலத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இயக்குநர் வைத்த நட்சத்திரம் இல்லாமலே போவதைப் பொறுக்க முடியாது.

வேகத்திலும் பொருத்தம் வேண்டும். எல்இடி கண்ணிமைப்பதற்குள் ஆயிரம் முறை மாறவல்லது. திரவப் படிகமோ நிலை மாறச் சில மில்லிவிநாடிகள் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், இரவு ஆட்டத்தில் உயரத் தூக்கியடித்த வெள்ளைப் பந்துக்குப் பின்னால் ஒரு வெளிச்சத் திட்டு தாமதமாக ஓடிவரும்.

நீலத்திலிருந்து எல்லா நிறமும்

பெரும்பாலான மினி எல்இடி பேக்லைட்டுகளைத் திறந்து பார்த்தால் உள்ளே எரிவது வெள்ளை அல்ல, நீலம். அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்குத்தான் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. நீல விளக்குகளுக்கு மேல் ஒரு குவாண்டம் டாட் தாள் விரித்திருக்கும். சில நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் அவை. நீலத்தை உறிஞ்சி, துகளின் அளவுக்கேற்ப வேறு நிறத்தை உமிழும். சிறியது பச்சை, பெரியது சிவப்பு. ஒரே பொருள், அளவு மாறினால் நிறம் மாறுகிறது. இந்த ஆய்வுக்கு 2023-ல் வேதியியல் நோபல். மூன்று நிறமும் சேர்ந்து வெள்ளையாகி பேனலுக்குப் போகிறது. பழைய வெள்ளை எல்இடியின் வெளிச்சத்தில் இருந்த சிவப்பும் பச்சையும் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். இதில் தெளிவாக இருக்கும். செம்பருத்தியின் சிவப்பு செம்பருத்தியாகவே தெரிவது இதனால்தான்.

இப்போது இதற்கும் அடுத்த படிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீலத்தை மாற்றுவானேன், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிச் சில்லுகளாகவே நட்டுவிடலாமே என்று. 2025 தொடக்கத்தில் ஹைசென்ஸ் 116 அங்குலத்தில் இப்படியொரு டிவியைக் காட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சாம்சங் 115 அங்குலத்தில் ஒன்றை வெளியிட்டது. சூரிய அஸ்தமனக் காட்சியில் வானத்துக்குப் பின்னால் சிவப்பு மட்டும் எரியும். நீலத்தை எரித்துவிட்டுக் கதவால் அடைக்க வேண்டியதில்லை. இருபது வருடம் முன்பு குவாலியா 005-ல் இருந்த அதே மூவண்ண யோசனை, அன்று திரை முழுக்க ஒன்றாக எரிந்தது, இன்று ஸோன் ஸோனாக எரிகிறது. புதிய தொல்லையும் உண்டு: ஒரே ஸோனுக்குள் சிவப்புப் பூவும் பச்சை இலையும் இருந்தால் ஹாலோவுக்கு நிறமும் வந்துவிடும். அதனால் இதற்கு இன்னும் நிறைய ஸோன்கள், இன்னும் கூர்மையான கணக்கு வேண்டும்.

சாம்சங் தன்னுடையதற்கு "மைக்ரோ ஆர்ஜிபி" என்று பெயர் வைத்திருப்பதால் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மைக்ரோ எல்இடி டிவி என்பது வேறு. அதில் பேனலும் கிடையாது, கதவும் கிடையாது. ஒவ்வொரு பிக்சலும் தானே எரியும் விளக்கு. ஓஎல்இடியும் அந்த ஜாதிதான், விளக்கு மட்டும் கரிமப் பொருளால் ஆனது. மினி எல்இடியோ, சின்னச் சின்ன விளக்குகள் பின்னால் நிற்கும் எல்சிடி. பெயரில் எத்தனை புதுச் சொல் சேர்ந்தாலும், "பின்னால் விளக்கு இருக்கிறதா, பிக்சலே எரிகிறதா?" என்று கேட்டால் போதும், எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

ஓஎல்இடியின் கருப்பு முழுக் கருப்பு. அதில் சந்தேகமே இல்லை. இருட்டறையில் படம் பார்ப்பவருக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் சன்னல் திறந்த கூடத்தில், பகல் வெளிச்சத்தில், நாள் முழுக்க ஒரே சேனலின் சின்னம் மூலையில் நிற்க ஓடும் டிவிக்கு மினி எல்இடிதான் பொருத்தம். அது கூடுதல் பிரகாசம் தரும். நிலையாக நிற்கும் சின்னம் திரையில் தழும்பாகப் பதிந்துவிடும் பயமும் இல்லை. நம் வீடுகளில் டிவி ஓடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

பட்டையை மாற்றிக் கொடுத்த மெக்கானிக் தம்பியிடம் மினி எல்இடி டிவி பழுதுக்கு வந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். "இது மாதிரி பட்டையக் கழட்டி மாத்துறதில்லண்ணே அது. போர்டுலயே ஒட்டியிருக்கும். உப்புத் தூள் மாதிரி இருக்குறதுல எங்கண்ணே சால்டரிங் வைக்கிறது? போர்டோடதான் மாத்தணும்." அவர் சொன்னது முக்கியமான விஷயம். சில்லுகளை நேரடியாகப் பலகையில் பதிப்பதால்தான் இவ்வளவு நெருக்கம் கிடைக்கிறது. அதே காரணத்தால் தெருமுனைக் கடையில் சில நூறு ரூபாயில் முடிகிற பழுது இது இல்லை. வாங்கும்போது வாரண்டி எத்தனை வருடம், அது பேனலுக்கும் பேக்லைட்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் டிவியில் ஸோன் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. லேப்டாப்பை டிவியோடு இணைத்து, திரை முழுக்கக் கருப்புப் படத்தை வையுங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை இரண்டு நிமிடம் காத்திருங்கள். பிறகு வெள்ளை மவுஸ் அம்பை மெதுவாக நகர்த்துங்கள். முதலில் நேர் எதிரே உட்கார்ந்து, அப்புறம் பக்கவாட்டிலிருந்து. பக்கவாட்டில் கதவுகள் இன்னும் அதிகமாகக் கசியும் என்பதால் ஹாலோ அங்கேதான் நன்றாகத் தெரியும். திரை முழுக்க ஒரே சாம்பலாக இருந்தால் லோக்கல் டிம்மிங் இல்லை என்று பொருள். அம்போடு ஒரு வெளிச்சத் திட்டும் சேர்ந்து ஊர்ந்துவந்தால், விரலை நீட்டி அதன் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்: உள்ளங்கையா, நாணயமா, மிளகா?